கடலுக்கு ஒரு பங்கு

மாசி மகத்தன்று திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்கு வரும் திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாளைப் பட்டினச்சேரி மீனவர்கள் முறை சொல்லித்தான் கூப்பிடுவார்கள். "மாப்பிள்ளே! மாப்பிள்ளே!" நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் ஒன்றின் பெருமாள், 'கீழை வீடு' என்று வைணவர்கள் கொண்டாடும் தலத்துக்காரர், இந்த மணலில் கால் வைத்ததும் மருமகனாகிவிடுகிறார். மீனவத் தலைவர் ஒருவரின் மகளான பத்மினியை அவர் மணந்துகொண்டார் என்பது தலத்துக் கதை. பெண் கொடுத்தவர்கள் கடலோரத்தில் இருக்கிறார்கள். மாப்பிள்ளை வருஷத்துக்கு ஒரு தடவையாவது மாமனார் வீட்டுக்கு வந்து தலையைக் காட்ட வேண்டாமா? கடலில் தீர்த்தவாரி அந்த விருந்தின் நடுவே நடப்பது.

வயல்காட்டுக்காரர்களும் கடல்காட்டுக்காரர்களும் ஒருவரையொருவர் எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் சடங்கு எனக்குத் தெரிந்து இந்தப் பக்கத்தில் இல்லை. சம்பந்தி வீடு என்றால் போக்குவரத்து உண்டு, சீர் உண்டு, செய்முறை உண்டு, செய்யாவிட்டால் மனத்தாங்கலும் உண்டு.

மாப்பிள்ளை வந்தால் மாப்பிள்ளை வீட்டாரும் பின்னால் வரத்தானே வேண்டும். அப்படித்தான் குடும்பங்கள் வந்தன. திருக்கண்ணபுரத்திலும் திருமருகலிலும் வண்டி கட்டினார்கள். இந்தப் பக்கம் நிரவியிலும் விழிதியூரிலும் கட்டினார்கள். திருமருகல் வரதராஜப் பெருமாள், நிரவி கரியமாணிக்கப் பெருமாள் என்று சுற்றுவட்டாரத்துப் பெருமாள்களும் அதே மணலுக்கு வருவதால், எந்த ஊர்க்காரருக்கும் தன் சாமியின் பின்னால் வந்ததாகவே ஒரு நினைப்பு.

மாசியில் ஏன் என்பதற்குச் சாத்திரம் ஒரு காரணம் சொல்லும். மக நட்சத்திரமும் பௌர்ணமியும் கூடும் நாள் என்று. வயல் சொல்லும் காரணம் வேறு. சம்பாவும் தாளடியும் அறுத்து, நெல் வீட்டுக்கு வந்து, வைக்கோல் போர் ஏறியிருக்கும் மாதம் அது. மாட்டுக்கும் வேலையில்லை, மனுஷனுக்கும் வேலையில்லை, கையில் நாலு காசு இருக்கும். கடலும் ஐப்பசி, கார்த்திகை ஆட்டமெல்லாம் ஆடி முடித்து, வாடை அடங்கி, பிள்ளைகளை இறக்கிவிடும்படி இருக்கும். நெல்லும் கடலும் சேர்ந்து குறித்த தேதி அது.

கூண்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரித்து, முந்தின இரவே கிளம்புவார்கள். அச்சில் அரிக்கேன் விளக்கு தொங்கும். ஆனால் பௌர்ணமிக்கு முந்தின நிலவில் அதற்கு வேலையிருக்காது. புளிச்சோறு, தயிர்சோறு, நார்த்தங்காய் ஊறுகாய், வாழை இலைக் கட்டு, பித்தளைத் தூக்கில் தண்ணீர். இது எல்லாக் கட்டுச்சோற்றுக்கும் பொதுவானதுதான். இந்த வண்டிகளில் கூடுதலாக ஒன்று இருக்கும்: ஒரு மூட்டை புது நெல், இரண்டு தார் வாழைக்காய். அது யாருக்கு? கடற்கரையில் தெரிந்த வீட்டுக்கு. வருஷம் முழுக்கக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வயலூர்களுக்கு மீனும் கருவாடும் கொண்டுவந்து, நெல் வாங்கிப்போன பெண்களின் வீடு. திருவிழா அன்று அந்த வீட்டுத் திண்ணையில்தான் குடும்பம் இறங்கும். பிள்ளைகளுக்கு அவர்கள் 'கூடைக்கார ஆச்சி'. திரும்பும்போது வண்டியில் கருவாட்டு வாசனை ஏறியிருக்கும். பெருமாளைச் சேவித்த கையோடு கருவாடா என்று மூக்கைச் சுளித்த பாட்டிகளும் உண்டு. அவர்களும் அதை இறக்கிவைக்கச் சொன்னதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். திருமலைராயன்பட்டினம் காரைக்கால் பகுதியைச் சேர்ந்தது. 1954 நவம்பர் 1 வரை திருக்கண்ணபுரம், திருமருகல் வண்டிகள் நாடு விட்டு நாடு வந்தன. 1739-ல் தஞ்சாவூர் மன்னரிடமிருந்து காரைக்காலைப் பெற்ற பிரெஞ்சுக்காரர்கள் இருநூறு ஆண்டுக்கு மேல் இங்கே இருந்தார்கள். சுற்றிலும் வெள்ளைக்காரத் தஞ்சாவூர் ஜில்லா, நடுவே பிரெஞ்சுச் சீமை. எல்லையில் சுங்கச் சாவடி. நெல் மூட்டைக்கும் துணிமணிக்கும் பதில் சொல்லியாக வேண்டும். இன்றைக்கும் திருமலைராயன்பட்டினத்தில் உள்ளாட்சிக்குப் பெயர் கொம்யூன் பஞ்சாயத்துதான். பெருமாள் இப்போதும் தமிழ்நாட்டிலிருந்து கிளம்பிப் புதுச்சேரி ஆட்சிக்குள் வந்து குளித்துவிட்டுப் போகிறார். மாநில எல்லை என்று ஒரு பலகை இருக்கிறது, சாவடி இல்லை.

திருமலைராயன்பட்டினத்தை வெறும் கடற்கரை ஊர் என்று நினைத்துவிடக் கூடாது. ஊரை ஆண்ட திருமலைராயன் சபையில் அதிமதுரகவியோடு வாதுக்கு நின்ற காளமேகப் புலவர், தனக்கு மரியாதை செய்யாத ஊரின் மேல் மண்மாரி பெய்யட்டும் என்று வசை பாடினதாகவும் அது அப்படியே பலித்ததாகவும் கதை. கடலோரத்து மணல்மேட்டைக் காட்டி அதுதான் இது என்று சொல்லும் பெரியவர்கள் இருந்தார்கள். புலவரை அவமதித்தால் ஊரே மண்ணுக்குள் போகும் என்று நம்பியவர்கள், கடலை அவமதித்தால் என்ன ஆகும் என்பதைத் தனியாக யோசித்திருக்க வேண்டியதில்லை.

காரைக்காலுக்கு வடக்கே, காவிரி கடலில் விழும் இடத்தில் பூம்புகார். அங்கே இருந்த பட்டினத்தின் கதையைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் சொல்கிறார். ஏற்றுமதி, இறக்குமதி, புலிச்சின்னம் குத்திய மூட்டைகள் எல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். அதே பாட்டில் பரதவர் குடும்பங்கள் விடுமுறை கொண்டாடும் காட்சி ஒன்று வருகிறது. பௌர்ணமி நாள். அன்று யாரும் கடலுக்குப் போவதில்லை. சினைச் சுறாவின் கொம்பை மணலில் நட்டு, அதில் குடிகொண்ட தெய்வத்துக்குப் படைத்து, பூச்சூடி, கள் குடித்து, பெண்டு பிள்ளைகளோடு உண்டு விளையாடுகிறார்கள். கடலில் குளிக்கிறார்கள், உப்புப் போக ஆற்றில் குளிக்கிறார்கள், நண்டு பிடித்து ஆடுகிறார்கள், மணலில் பாவை செய்கிறார்கள். மொத்தத்தில் ஒரு குடும்பம் கடற்கரையில் பொழுதுபோக்கும் காட்சி. ஈராயிரம் ஆண்டு என்பது பெரிய தூரம்போலத் தெரியும். மணலில் வீடு கட்டும் பிள்ளையைப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

ஆனால் அந்தப் பாட்டில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. பௌர்ணமிக்கு வலை கடலில் விழவில்லை. கடலுக்கும் அன்று ஓய்வு. நட்டுவைத்துக் கும்பிட்டது எங்கோ இருக்கும் தெய்வத்தை இல்லை. அவர்களுக்குச் சோறு போட்ட, சமயத்தில் அவர்களையே தின்ற மீனின் கொம்பை. உப்பைக் கழுவப் பக்கத்திலேயே ஆறு ஓடியது. காரைக்கால் கடற்கரையில் அன்றுக்கும் இன்றுக்கும் உள்ள வித்தியாசத்தை அளக்க எனக்கு இந்த மூன்றும் போதும்.

இப்போது குடும்பங்கள் கடற்கரைக்கு வரும் விதம் வேறு. அரசலாற்றை ஒட்டியே போகும் கடற்கரைச் சாலையில் எந்த ஞாயிற்றுக்கிழமை மாலையும் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. மாசி மகத்துக்குக் காத்திருக்க வேண்டாம், பௌர்ணமி பார்க்க வேண்டாம். காணும் பொங்கலுக்குக் கூட்டம் அலைமோதும். பஞ்சு மிட்டாய், பஜ்ஜி, மசாலா பொரி, குதிரை சவாரி, செல்ஃபி. பாரீஸிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த 'சொல்தா' வீட்டுப் பேரப்பிள்ளைகள் பிரெஞ்சும் தமிழும் கலந்து கத்திக்கொண்டு ஓடுவார்கள். மயிலாடுதுறையிலிருந்தும் திருவாரூரிலிருந்தும் வரும் ஆண்கள் சிலருக்குக் கடலைவிடக் காரைக்காலின் சாராய விலை பெரிய ஈர்ப்பு. அவர்கள் விட்டுப்போன பாட்டில் சில்லு மணலுக்குள் இருக்கும். பிள்ளையைச் செருப்பில்லாமல் இறக்கிவிட முடியவில்லை என்பது இன்றைய தாய்மாரின் முதல் புகார்.

இதையெல்லாம் சீரழிவு என்று எழுதிவிட்டுப் போவது எளிது. நான் அப்படி நினைக்கவில்லை. அந்தக் காலத்தில் கடற்கரைக்கு வரமுடியாதவர்கள் பலர். வண்டி வைத்திருந்தவர்கள் வந்தார்கள். வண்டியில்லாத கூலிக்காரக் குடும்பம் நடந்து வந்தது, அல்லது வரவில்லை. சாதிக்கு ஒரு துறை, சாதிக்கு ஓர் இடம் என்பதும் இருந்தது. இன்று மாலை ஏழு மணிக்கு வேலை முடித்த கொத்தனார் மனைவி மக்களோடு டூவீலரில் வந்து, யார் பக்கத்திலும் துண்டை விரித்து உட்காருகிறார். முஸ்லிம் குடும்பங்கள் மக்ரிப் தொழுகை முடித்துவிட்டு ஃபிளாஸ்கில் டீயோடு வருகின்றன. இந்தக் கரையில் கடல் எல்லோருக்கும் பொது என்பது புதிதுமில்லை. வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர். அங்கே கந்தூரித் திருவிழாவில் பீர் என்னும் பெரியவர் கடற்கரைக்குப் போவது ஒரு முக்கியமான நிகழ்ச்சி, கடலோரத்துச் சில்லடி தர்காவில் எந்த நாளும் எல்லா மதத்துக் குடும்பமும் உட்கார்ந்திருக்கும். இன்னும் தெற்கே போனால் வேளாங்கண்ணி. கடலைப் பார்த்துக் கைகூப்பும் வழக்கம் இந்தக் கரையில் எந்த ஒரு மதத்துக்கும் சொந்தமில்லை.

மாறியது கூட்டமோ பக்தியோ அல்ல. சம்பந்தி வீட்டுக்குப் போவதுபோல் போனவர்கள் இப்போது சத்திரத்துக்குப் போவதுபோல் போகிறார்கள். சத்திரத்தில் யாருக்கும் எதுவும் கொண்டுபோக வேண்டாம். கிளம்பும்போது யாரிடமும் சொல்லிக்கொள்ளவும் வேண்டாம்.

இந்த மாற்றம் மெல்ல வந்தது. கூடைக்கார ஆச்சிகளின் நடை குறைந்து, டிவிஎஸ் ஃபிஃப்டியில் மீன் பெட்டி வைத்துக் கட்டிய ஆண்கள் வந்தார்கள். நெல்லுக்கு மீன் என்ற மாற்று போய்க் காசு வந்தது. கட்டுமரம் போய் ஃபைபர் படகு வந்தது. அரசலாற்று முகத்துவாரத்தில் துறைமுகம் வந்து, விசைப்படகு மீன் அங்கிருந்து ஐஸ் பெட்டியில் கேரளாவுக்கும் வெளிநாட்டுக்கும் போனது. 1898-ல் திறந்த பேரளம்–காரைக்கால் ரயில் 1980-களில் நின்றுபோனதில், ரயிலேறி வந்து இறங்கும் வயலூர்க் குடும்பங்கள் பஸ்ஸுக்கு மாறின. (அந்தப் பாதையை இப்போது அகலப் பாதையாகத் திரும்பப் போட்டிருக்கிறார்கள்.) பஸ் மாலையே திரும்பிவிடும், திண்ணையில் இரவு தங்க வேண்டியதில்லை. தங்காத வீட்டோடு உறவு எத்தனை நாள் நிற்கும்?

மெல்ல வந்ததை ஒரே நாளில் முடித்துவைத்தது 2004 டிசம்பர் 26. அன்றும் பௌர்ணமி. ஞாயிற்றுக்கிழமைக் காலை. புதுச்சேரி ஆட்சிப் பகுதியில் சுனாமிக்குப் பலியானவர்களில் பெரும்பாலோர் காரைக்கால் கடலோரக் கிராமங்களில் இருந்தவர்கள். பட்டினச்சேரி, காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, அக்கம்பேட்டை, மண்டபத்தூர் என்று ஊர்ப் பெயர்களைச் சொல்லிக்கொண்டே போனால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பட்டியல் உண்டு. அதன் பிறகு கடலைப் பார்த்து இருந்த வீடுகள் காலியாகி, உள்ளே தள்ளிக் கட்டிய சுனாமி குடியிருப்புகளுக்குக் குடும்பங்கள் போயின. எந்தத் திண்ணையில் வயலூர்க்காரர்கள் இறங்கினார்களோ அந்தத் திண்ணை இல்லாமல் போயிற்று. வெகு நாட்களுக்கு வயலூர்த் தாய்மார்கள் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அனுப்பவேயில்லை.

இந்தக் கரையில் அதற்குப் பிறகு புதிதாக ஒரு குடும்பக் கூடல் தோன்றியிருக்கிறது. ஒவ்வொரு டிசம்பர் 26-ம் கடற்கரையில் பாலை ஊற்றி, பூவைத் தூவி, ஊதுபத்தி கொளுத்தி நிற்கிறார்கள். அன்று மீனவர்கள் தொழிலுக்குப் போவதில்லை. அரசியல்வாதிகள் வந்து மாலை வைத்துவிட்டுப் போன பிறகு, குடும்பம் குடும்பமாக அங்கங்கே உட்கார்ந்து, போனவர்களுக்குப் பிடித்த தின்பண்டத்தை மணலில் வைத்துவிட்டுப் பேசாமல் இருப்பார்கள். கடலைத் திட்டுவதும் அங்கேதான், கும்பிடுவதும் அங்கேதான். வலை கடலில் விழாத நாள், படையல், குடும்பம். பட்டினப்பாலைக் காட்சிக்கு இன்று மிக அருகில் இருப்பது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கொண்டாட்டம் மட்டும் இல்லை.

கடலுக்கு ஓய்வு என்ற விஷயத்தை இப்போது அரசாங்கம் எடுத்துக்கொண்டிருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கடற்கரை முழுவதும் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. முன்பு 45 நாளாக இருந்ததை 2017-ல் கூட்டினார்கள். மீன் சினை பிடித்து முட்டையிடும் காலம் என்பது காரணம். சினைச் சுறாவின் கொம்பை நட்டவர்களுக்குக் காரணம் விளக்கியிருக்க வேண்டியதில்லை. தடைக்காலத்தில் நிவாரணம் போதவில்லை என்று மீனவர் பேசுவார்கள். தடை முடிந்த முதல் வாரம் வலை நிறையும்போது தடையைக் குறை சொல்கிறவர் குறைவு. கரையில் உட்கார்ந்து வஞ்சிரம் வறுவல் தின்னும் குடும்பத்துக்கு இந்தத் தேதிகள் தெரிந்திருக்க அவசியமில்லை. மே மாதத்திலும் தட்டில் மீன் இருக்கிறது. எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

ஆமைக்கும் இதே கதை. தை முதல் பங்குனி வரை ஆலிவ் ரிட்லி ஆமைகள் சோழமண்டலக் கரையில் இரவில் ஏறி, குழி தோண்டி, சுமார் நூறு முட்டையிட்டு மூடிவிட்டுப் போகும். மாசி மகக் கூட்டத்துக்கு முந்தின இரவுகூட அந்த மணலில் ஆமை நடந்திருக்கலாம். அந்தக் காலத்தில் ஆமை முட்டையைத் தோண்டித் தின்றார்கள், கறியும் தின்றார்கள். இதை மறைத்துவிட்டு அன்று எல்லோரும் இயற்கையைப் பூசித்தார்கள் என்று எழுதினால் அது பொய். 1972 வனஉயிர்ச் சட்டம் வந்த பிறகே அது மெல்ல நின்றது. இன்று முட்டையைத் தின்பவர் அரிது. வனத்துறையும் ஆர்வலர்களும் முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்துக் காக்கிறார்கள். சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வருகிறது. ஏறக்குறைய ஐம்பது நாளில் பொரித்து வெளிவரும் குஞ்சு, வெளிச்சம் அதிகமாகத் தெரியும் திசையைக் கடல் என்று நம்பி ஓடும். நிலவும் அலையும் மட்டும் மினுங்கிய கரையில் அந்தக் கணக்கு தப்பவில்லை. உயர்கோபுர விளக்கு எரியும் கரையில் அது சாலையைப் பார்த்து ஓடுகிறது. பெருமாள் பகலில் வருகிறார். ஆமை இரவில் வருகிறது. ஆமைக் காலத்துக்கு மட்டும் கடலோர விளக்குகளைத் தாழ்த்தி, நிலத்தைப் பார்க்கத் திருப்பினால் யாருக்கும் நஷ்டமில்லை.

மணலைப் பற்றியும் இரண்டு வார்த்தை. இந்தக் கடற்கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. வருஷக் கணக்கில் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. கடலுக்குள் கல்சுவர் நீட்டினால் அதன் தென்பக்கம் மணல் சேரும், வடபக்கம் கடல் தின்னும். சென்னைத் துறைமுகம் கட்டினதும் மெரினா அகன்றதும் ராயபுரம் பக்கம் கரை போனதும் இதனால்தான். காரைக்காலை ஆளும் புதுச்சேரி நகரமே 1980-களில் கட்டிய துறைமுகச் சுவருக்குப் பிறகு தன் மணல் கடற்கரையை இழந்து, கல்லைக் கொட்டிவைத்து, பல ஆண்டுக்குப் பிறகு கொஞ்சம் மணலைத் திரும்பப் பிடிக்கப் பாடுபட்டது. வாஞ்சூரில் 2009-ல் துறைமுகம் தொடங்கியது. பட்டினச்சேரியில் கடல் அரிப்புக்குத் தடுப்பு வேண்டும் என்று மீனவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மாப்பிள்ளை வந்து நிற்கும் மணல் எத்தனை அகலம் இருக்கும் என்பது இனி கோயில் சம்பந்தப்பட்ட கேள்வி மட்டும் இல்லை.

உப்பைக் கழுவும் ஆற்றுக்கு வருகிறேன். காரைக்கால் காவிரியின் கடைமடை. அரசலாறு கும்பகோணத்தைத் தொட்டுக்கொண்டு வந்து இங்கே கடலில் சேர்கிறது. நண்டலாறு, நூலாறு, வாஞ்சியாறு, திருமலைராயனாறு என்று மற்ற ஆறுகளும் இந்தச் சிறிய பிரதேசத்துக்குள்தான் முடிகின்றன. ஆடிப்பெருக்குக்கு அரசலாற்றங்கரையில் காதோலை, கருகமணி, காப்பரிசி வைத்துப் படைத்து, புதுத்தம்பதிகள் கல்யாண மாலையை ஆற்றில் விட்டால், மற்ற ஊர்களில் அது எங்கே போய்ச் சேரும் என்று தெரியாது. காரைக்காலில் கொஞ்ச நேரத்தில் கடலுக்குள் போய்விடும். ஆற்றுக்குப் படைத்தது கடலுக்கும் படைத்ததாகிவிடும் ஊர் இது.

அந்தத் தண்ணீர் தேதிக்கு வந்தால்தானே? மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்தால் ஆடிப் பதினெட்டுக்குள் கடைமடை நனைந்துவிடும். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டும் அந்தத் தேதி தவறியது. 2017-ல் அக்டோபர் 2-ல்தான் திறந்தார்கள். 2020-ல் தேதிக்குத் திறந்தது; 2022-ல் மே 24-லேயே திறந்தது; 2024-ல் ஜூலை 28. அந்த வருஷம் ஆடிப் பதினெட்டு ஆகஸ்ட் 3. மேட்டூரிலிருந்து காரைக்காலுக்குத் தண்ணீர் வந்துசேர ஆறு நாள் எங்கே போதும்? படித்துறையில் குடத்துத் தண்ணீரை வைத்துப் படைத்த வருஷங்களைக் காரைக்கால்காரர்கள் மறக்கவில்லை.

காவிரி நடுவர் மன்றம் 2007-ல் இறுதித் தீர்ப்பில் 740 டிஎம்சியைப் பங்கு போட்டது. காரைக்காலுக்காகப் புதுச்சேரிக்கு 7. சுற்றுச்சூழலுக்கு 10. தவிர்க்க முடியாமல் கடலில் கலப்பது என்று ஒரு 4. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16-ல் தமிழ்நாட்டுப் பங்கையும் கர்நாடகப் பங்கையும் மாற்றியது. இந்த 7, 10, 4 அப்படியே நின்றன. கடலுக்குப் போகும் தண்ணீரை 'வீண்' என்றே மேடையில் பேசிப் பழகிவிட்ட நமக்கு, கடலுக்கும் எழுத்தில் ஒரு பங்கு இருக்கிறது என்பதே ஆச்சரியமாக இருக்கும். ஆற்று நீர் கடலில் சேர்ந்தால்தான் முகத்துவாரம் திறந்திருக்கும், உப்பு மேலேறாது, இறாலும் கொடுவாயும் குஞ்சுப் பருவத்தில் வந்து தங்கிப் போகும், அலையாத்திச் செடி பிழைக்கும். மாமனார் வீட்டுக்குக் கொண்டுபோன நெல் மூட்டையும் வாழைத்தாரும் இந்தக் கணக்கில்தான் வருமோ என்னவோ.

ஜனவரி 28-ல் மேட்டூரை மூடிவிடுவதால் மாசியில் அரசலாற்று முகத்தில் இருப்பது ஆற்று நீரில்லை, ஏறிவந்த கடல்நீர். அன்றைக்கும் மாசியில் ஆறு மெலிந்துதான் இருந்திருக்கும். ஆனால் மணல்மேட்டில் கையால் பறித்தால் ஊற்று வரும். மழைநீர் மணலுக்குள் இறங்கி, உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கும். முழங்கை ஆழம் தோண்டினால் குடிக்கும்படி கிடைக்கும். கடலாடிவிட்டு வந்த பிள்ளைகளுக்கு அந்த ஊற்றில் அள்ளித் தலையில் ஊற்றினார்கள். மேடுகளைச் சமன்செய்து, மோட்டார் வைத்து உறிஞ்சியபின் அந்தப் படலம் பல இடங்களில் உப்பாகிவிட்டது. இன்று குடும்பங்கள் காரில் கேன் தண்ணீர் கொண்டுவருகின்றன.

எங்கள் குடும்பமும் அப்படித்தான். மாசி மகத்துக்கு எல்லோரும் சேர்வதென்று வாட்ஸ்அப்பில் முடிவானது. பெருமாள் கடலில் முழுகி எழுந்து கரையேறின பிறகு, பிள்ளைகளும் ஆடி முடித்து, உப்பும் மணலுமாக வந்து கார் அருகே வரிசையில் நின்றார்கள். நிரவி அத்தை கேனைச் சாய்த்து ஒவ்வொரு காலுக்கும் அளந்து ஊற்றினாள். கடைசியில் நின்ற எனக்குச் சொம்பில் பாதிகூட மிஞ்சவில்லை.

"குடிக்கிற தண்ணியக் கால்ல ஊத்துறதா? எங்கப்பாரு இருந்தா வண்டியத் திருப்பிருப்பாரு. அடுத்த தடவ மாசியில வேணாம்டா தம்பி. ஆடியில வருவோம். ஆத்துல தண்ணி ஓடும், கடல்ல ஆடிட்டு ஆத்துலயே முழுகிட்டு வந்துடலாம்."

"ஆடிக்குத் தண்ணி வருமான்னு யாருக்கு அத்தே தெரியும்?"

"உன் போன்ல பாரேன். மேட்டூர் எத்தன அடி?"

டெல்டாவில் சௌக்கியமா என்பதற்கு அடுத்த கேள்வி அது. பார்த்துச் சொன்னேன். அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள்.

"ஜூன் பன்னெண்டு தொறந்தா வந்துடும். தொறக்கலேன்னா ரெண்டு கேனா வாங்கிக்க. ஒண்ணு பத்தாது."